கார்பெட் கட்சிக்காரன் எழுதுவது

கோத்தகிரி,
ஞாயிறு இரவு

அன்புள்ள சுந்தரம்,

நலம். நலமறிய ஆவல். முட்டி வலிக்குத் தைலம் தடவுகிறாயா, இல்லை வழக்கம்போல டாக்டரையே குறை சொல்லிக்கொண்டிருக்கிறாயா? இங்கே மழை, குளிர், பச்சைத் தேயிலைக்கு விலை இல்லை, சாயங்காலமானால் ரோட்டில் காட்டெருமை. புதிதாக ஒன்றுமில்லை. ஆனால் கார்த்தி வந்த நாளிலிருந்து உன்னிடம் பேச வேண்டும் என்று மனசு அரித்துக்கொண்டே இருக்கிறது. போனில் சொன்னால் நீ நடுவில் புகுந்து உன் வேட்டை எழுத்தாளர் ஆண்டர்சன் புராணம் பாட ஆரம்பித்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

பையன் லீவுக்கு வந்தான். முதுகில் பை, கையில் நீளமாக ஒரு பெட்டி. கிடாரோ என்று நினைத்தேன். திறந்தால் ஏர் ரைஃபிள், மேலே ஸ்கோப்பு. "மாமா வீட்டுப் பக்கம் காடுதானே, அங்க போய்ச் சுட்டுக்கோ" என்று என் தங்கச்சியே சொல்லி அனுப்பியிருக்கிறாள். அவளைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கொய்யா மரத்து விவகாரம் ஒன்று போதும்.

அவனுக்கும் நம்மைப் போல ஹீரோக்கள் உண்டு. போனில் வீடியோ பார்த்தே ஒரு பட்டியல் வைத்திருக்கிறான். முதல் இடம் சிமோ ஹைஹாவுக்கு. பின்லாந்துக்காரர். 1939-40 பனிக்காலப் போரில் ரஷ்யப் படையில் 500 பேருக்கு மேல் வீழ்த்தியவர் என்பார்கள். "ஐந்நூறு மாமா, ஐந்நூறு!" என்று கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி சொல்கிறான். சரி, அவர் துப்பாக்கியில் ஸ்கோப்பு இருந்ததா என்று கேட்டேன். விழித்தான். கிடையாது. கண்ணாடி வெயிலில் மின்னும், பனியில் மங்கும், அதில் பார்க்கத் தலையையும் கூடுதலாகத் தூக்க வேண்டும் என்று அந்த மனிதர் வெறும் இரும்புக் குறியோடுதான் சுட்டார். மூச்சு ஆவியாகத் தெரியக் கூடாதென்று வாயில் பனிக்கட்டியை அடக்கிக்கொண்டு படுத்திருப்பாராம். போருக்கு முன்னால் விவசாயி, வேட்டைக்காரர். 1940 மார்ச் மாதம் தாடையில் குண்டு பட்டு முகமே சிதைந்தது. பிழைத்து, திரும்பவும் காட்டுக்கு வேட்டைக்குப் போய், 2002 வரை இருந்தார். இதெல்லாம் அந்த வீடியோவில் வராது போல.

இந்தப் பேச்சு நடந்த மறுநாள் காலையில்தான் அவன் புறாவைச் சுட்டான்.

நான் உள்ளே காபி போட்டுக்கொண்டிருந்தேன். "பட்டுச்சு மாமா!" என்று குதித்துக்கொண்டு வந்தான். எங்கே என்றால் தேயிலைப் பக்கம் கை காட்டுகிறான். காட்டுப் பறவையைச் சுடுவது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்று நான் கத்தியது அவன் காதில் ஏறவில்லை. நல்லவேளை, கவாத்து வெட்ட நம்ம ஜோகி அண்ணன் வந்திருந்தார். வயசு எண்பதைத் தொட்டாலும் கண் அப்படியே இருக்கிறது. கத்தியைக் கீழே வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் செடிகளுக்கு நடுவே குனிந்தார். முதலில் சாம்பல் நிறத்தில் ஒரு இறகு. நாலு செடி தள்ளி, இலையின் அடிப்பக்கம் துவரம்பருப்பு அளவுக்கு ஒரு ரத்தத் துளி. நாங்கள் இரண்டு பேரும் அந்த இலையைத் தாண்டித்தான் போனோம், எங்களுக்குத் தெரியவில்லை. அப்புறம் தண்ணீர் வடிகிற பள்ளத்தில் சருகுக்குள்ளே மணிப்புறா. கழுத்தில் கறுப்புப் பட்டை, அதில் வெள்ளைப் புள்ளிகள். ஒரு சிறகு தொங்குகிறது. சத்தமே போடவில்லை, கண்ணை மட்டும் கொட்டிக்கொண்டிருந்தது. அண்ணன் எடுத்து, ஒரு திருகில் முடித்துவிட்டார். "அடிச்சா தேடணும் தம்பி. தேடத் தெரியலைன்னா அடிக்கக் கூடாது." அவ்வளவுதான் சொன்னார். போய்க் கத்தியை எடுத்துக்கொண்டார். பையன் மத்தியானம் சாப்பிடவில்லை.

அன்றைக்கு ராத்திரி எனக்கு சம்பாவத் பெண்புலி ஞாபகத்துக்கு வந்தது. நீ கொட்டாவி விடுவது இங்கே கேட்கிறது, இருந்தாலும் கேள். 436 பேரைக் கொன்ற புலி. 1907-இல் அதை முடித்தவர் என் ஆள், ஆட்கொல்லிப் புலிகளை வேட்டையாடி அதை எழுதியும் வைத்த ஜிம் கார்பெட். அதைத்தான் நாம் வாய் பிளந்து படித்தோம். கடைசிக் குண்டு என்ன ஆனது, நினைவிருக்கிறதா? கையிலிருந்த தோட்டாக்கள் தீர்ந்து, ஓடிப் போய் தாசில்தாரின் துப்பாக்கியைப் பிடுங்கிக்கொண்டு வருகிறார். பார்த்தால் அதன் குழல் பின்பக்கம் சரியாகப் பொருந்தாமல் இடைவெளி தெரிகிறது. 20 அடி தூரத்தில் புலியின் திறந்த வாயைக் குறிவைத்துச் சுடுகிறார். குண்டு பட்டது வலது பாதத்தில்! ஏற்கெனவே பட்ட காயங்களால் அது சாகிற நிலையில் இருந்ததால் அதுவே போதுமானதாகிவிட்டது. இதை ஊருக்கெல்லாம் எழுதி வைத்தவரும் அவரேதான். குறி தப்பியதை எழுதுகிறவன் எழுதிய மற்றதை நம்பலாம். நான் இன்னும் கார்பெட் கட்சியில் இருப்பதற்கு இது ஒரு காரணம், குறித்துக்கொள்.

நான் சொல்ல வந்தது இது இல்லை. செத்த புலியின் வாயைத் திறந்து பார்த்தபோது வலப்பக்கக் கோரைப்பற்கள் மேலும் கீழும் உடைந்திருந்தன. மேலே பாதி, கீழே எலும்பு வரை. பழைய துப்பாக்கிக் காயம். அதனால்தான் அதன் வழக்கமான இரையைப் பிடிக்க முடியாமல் மனிதர் பக்கம் திரும்பியது என்று கார்பெட் கண்டுகொண்டார். யோசித்துப் பார் சுந்தரம். எவனோ ஒருவன், எங்கேயோ, "பட்டுச்சு!" என்று குதித்திருப்பான். தேடிப் போகவில்லை, அல்லது பயந்து திரும்பிவிட்டான். முடித்தவனுக்குப் பெயர் கிடைத்தது. ஆரம்பித்து வைத்தவன் யாரென்று யாருக்கும் தெரியாது. 436 பேர்! புறாவுக்கும் புலிக்கும் முடிச்சுப் போடுகிறேன் என்று நீ சிரிக்கலாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இதைக் கார்த்தியிடம் அப்படியே சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப பெரிய துப்பாக்கியா இருந்திருந்தா அங்கேயே செத்திருக்குமில்ல?" என்றான். கேள்வி சரிதான். பதிலுக்கு பெல் கதையைச் சொன்னேன். கரமோஜோ பெல், ஸ்காட்லாந்துக்காரர். ஆப்பிரிக்காவில் ஆயிரம் யானைக்கு மேல் சுட்டவர், தந்தத்துக்காக. எழுதும்போதே வயிறு கலங்குகிறது. அவரைக் கும்பிடச் சொல்லவில்லை. ஆனால் மற்றவர்கள் தோளை உடைக்கிற பீரங்கிகளைத் தூக்கிக்கொண்டு அலைந்த காலத்தில், அவர் பெரும்பாலும் 7 மில்லிமீட்டர் துப்பாக்கியோடு போனார், மான் சுடுகிற மாதிரி. எப்படி? செத்த யானையின் மண்டையை ரம்பத்தால் இரண்டாக அறுத்து, மூளை எங்கே இருக்கிறது, எந்தப் பக்கமிருந்து எந்தக் கோணத்தில் எட்டும் என்று படித்துக்கொண்டார். ஒரு வருஷத்தில் 24 ஜோடி பூட்ஸ் தேய்ந்தன என்றும், ஒரு யானைக்குச் சராசரி 73 மைல் நடந்தேன் என்றும் கணக்கு வைத்திருந்தவர். 73 மைல் என்றால் இங்கிருந்து கோயம்புத்தூர் போய்த் திரும்புவதற்குக் கொஞ்சம் குறைவு. ஒரே ஒரு தடவை விசையை இழுக்க! கார்த்தி ஸ்கோப்பைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தான்.

சரி, உன் ஆளுக்கு வருகிறேன். சிகூர் ஆட்கொல்லிக் கதையைப் படித்துவிட்டு நீ கல்லட்டி இறக்கத்தில் சைக்கிள் விட்டதையும், 36 கொண்டை ஊசியில் எத்தனையாவதில் விழுந்தாய் என்பதையும் இங்கே கிளற வேண்டாம். ஆண்டர்சன் மேல் எனக்கு மரியாதை இல்லை என்று நீ ஊர் பூராவும் சொல்லி வைத்திருக்கிறாய். பொய். பைராவைப் பற்றி அவர் எழுதியிருப்பதைப் போன வாரம் திரும்பப் படித்தேன். ஒரு காட்டுவாசி, திருட்டு வேட்டைக்காரன். அவனிடம்தான் காட்டைக் கற்றேன் என்று ஒளிக்காமல் சொல்கிறார். கார்பெட்டுக்கும் அப்படி ஒருவர், குன்வர் சிங். அவரும் திருட்டு வேட்டைக்காரர்தான். நாம் இத்தனை வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டதற்கு, இரண்டு கட்சிக்கும் குரு ஒரே ஜாதி என்பது அப்போது புரியவே இல்லை, பார்.

நம்ம மலையிலும் அதே கதைதானே. 1877-இல் ஊட்டியில் வேட்டைக்கார வெள்ளைக்காரர்களே சங்கம் வைத்தார்கள், 1879-இல் சட்டம் வந்தது. இந்த மாதங்களில் சுடக் கூடாது என்று கட்டுப்பாடு. அது இல்லாமல் போயிருந்தால் வரையாடு மிஞ்சியிருக்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் லைசென்ஸ் எடுத்தவன் ஷிகாரி, அவனுக்கு வழி காட்டிய குறும்பனும் இருளனும் தன் வீட்டுக்கு ஒரு கறி கொண்டு போனால் திருடன். சுவரில் கொம்பு மாட்டியவர் பெயர் பித்தளைத் தகட்டில் இருக்கிறது. தடம் பார்த்துக் கொடுத்தவன் பெயர் எங்கே இருக்கிறது?

கார்த்திக்குக் கடைசியாகச் சொன்னது டி-23 என்று வனத்துறை பெயர் வைத்த மசினகுடிப் புலியின் கதை. இது அவனுக்கே ஞாபகம் இருக்கிறது, டி.வி.யில் பார்த்திருக்கிறான். 2014-இல் தொட்டபெட்டா பக்கம் ஆளைக் கொன்ற புலியைச் சுட்டுத்தான் வீழ்த்தினார்கள். 2021-இல் இந்த மசினகுடிப் புலி நாலு பேரைக் கொன்றபோது, உயிரோடு பிடிக்கப் பார் என்று ஐகோர்ட் சொல்லிவிட்டது. மூன்று வாரம் கும்கி, நாய், கேமரா என்று அலைந்து, மயக்க ஊசி பட்டும் ஒரு ராத்திரி கை நழுவி, மறுநாள் பிடித்தார்கள். ஊசித் துப்பாக்கி ரைஃபிள் மாதிரி இல்லையடா. கிட்டே போக வேண்டும், காற்று தள்ளும், எடையைக் கண்ணாலேயே மதிப்புப் போட்டு மருந்து ஏற்ற வேண்டும், பட்ட பிறகும் மயங்குகிற வரை ஓடுகிறதைப் பின்தொடர வேண்டும். ஜோகி அண்ணன் சொன்னாரே, அதே தேடல். சதைப்பிடிப்பான இடத்தில் சரியாகப் போய்க் குத்திய அந்தக் கையை நான் ஹைஹாவுக்குப் பக்கத்தில் வைப்பேன். புலி மைசூருக்குப் போனது.

அக்டோபர் 7-ஐ வரையாடு தினமாகக் கொண்டாடுகிறார்களே, அது வேட்டையை விட்ட ஒரு வக்கீலுக்காக என்பதும் பையனுக்குத் தெரியாது. டேவிதார். துப்பாக்கியை வைத்துவிட்டு 1975-இல் மலை மலையாக ஏறி வரையாட்டை எண்ணியவர். சுடத் தெரிந்த கண்ணுக்கு எண்ணவும் தெரிகிறது.

இப்போது என்ன நிலவரம் என்றால், ரைஃபிள் என் பீரோ மேலே. பையன் விடிந்ததும் ஜோகி அண்ணன் பின்னாலேயே போகிறான். கடமான் குளம்பையும் காட்டுப்பன்றிக் குளம்பையும் பிரித்துச் சொல்கிறான், நேற்று ஒன்றைத் தப்பாகச் சொல்லித் திட்டு வாங்கினான். கோயம்புத்தூர் போனதும் ரைஃபிள் கிளப்பில் சேர்ந்து காகிதத்தில் சுடுகிறேன் என்கிறான். எனக்குச் சம்மதம். தங்கச்சிதான் பிடிவாதம்: துப்பாக்கியே வேண்டாம், விற்றுவிடு என்கிறாள். வாங்கிக் கொடுத்தவளே அவள்தான்! நான் சொன்னால் ஏறாது. நீ சொன்னால் கேட்பாள், ஏன் என்பது அந்த முருகனுக்கே வெளிச்சம். இந்த வாரத்துக்குள் அவளுக்கு ஒரு போன் போடு.

வரும்போது மணப்பாறை முறுக்கு. போன தடவை மாதிரி பாதி வழியில் பொட்டலத்தைப் பிரிக்காதே.

உன்,
மாதவன்