மூப்பர் ஐயா போய்விட்டார்

அன்பின் மச்சானுக்கு,

நீயும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே காலபோக வெட்டு முடிந்துவிட்டது. கடைசி நேர மழையில் நெல் கொஞ்சம் படுத்துவிட்டது, ஆனாலும் வீட்டுச் சோற்றுக்குக் குறைவில்லை. அம்மாவுக்கு முழங்கால் நோ. மற்றும்படி சுகம்.

போனில் சொல்ல மனம் வரவில்லை, அதுதான் எழுதுகிறேன். எங்கட வேதக்கோயில் மூப்பர் ஐயா போய்விட்டார். ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்து வெள்ளிக்கிழமை, சிலுவைப்பாதை முடிந்து வந்து படுத்தவர் விடிய எழும்பவில்லை.

உனக்கு ஞானோபதேசம் சொல்லித் தந்தவர் அவர். எனக்கு ஒரு நாளும் சமயம் பேசியதில்லை. சைவப் பிள்ளை என்று என்னைத் தள்ளி வைக்கவும் இல்லை, தன் பக்கம் இழுக்கவும் இல்லை. வேதக்காரரின் விசுவாசம் என்னவென்று நான் அறிந்ததெல்லாம் அவர் நடந்துகொண்டதைப் பார்த்துத்தான்.

அந்த மாட்டுப் பிரச்சினை உனக்கு நினைவிருக்கும். எங்கட நாம்பன் மாடு வேலியை முறித்துக்கொண்டு அவருடைய வயலில் இறங்கி, குடலைப் பருவத்து நெல்லைத் தின்றுவிட்டது. அவர் கோபக்காரர், அதை மறைக்கத் தேவையில்லை. சந்தியில் வைத்து, நாலு பேர் பார்க்க, அப்பாவைத் தாறுமாறாக ஏசிப்போட்டார். அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. பூசைக்குச் சுவாமியார் வராத ஞாயிறு, அவர்தான் செபம் சொல்ல வேண்டும். முதலாம் மணி அடித்துவிட்டது. வேட்டி சால்வையோடு, கக்கத்தில் செபப் புத்தகத்தோடு எங்கட படலையில் வந்து நிற்கிறார். அப்பா மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டு நின்றவர், நிமிர்ந்து பார்த்தார்.

“அண்ணை, நேற்று நான் கதைச்சது பிழை. மாடு திண்ட கணக்கைப் பிறகு பாப்பம். உங்களை அப்பிடி ஏசிப்போட்டு நான் அங்க போய் முழந்தாள் போடேலாது.”

அப்பாவுக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. பிறகு, “தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ” என்றார்.

“சனம் காத்துக்கொண்டு நிக்குது, பின்னேரம் வாறன்.”

சொன்னபடி பின்னேரம் வந்தார். தேத்தண்ணியும் குடித்து, நட்டத்துக்கு ஒரு மூட்டை நெல் என்று பேசி முடித்தார்கள். காணிக்கையைப் பீடத்தின் முன்னால் வைத்துவிட்டு, முதலில் போய்ச் சகோதரனோடு சமாதானமாகு என்று மத்தேயுவின் ஐந்தாம் அதிகாரத்தில் இருப்பதை நீதான் பிறகு எனக்கு வாசித்துக் காட்டினாய். அப்பா சாகும்வரை அந்தக் காலையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

சூடடிக்கிற நாட்களில் களத்தில் காவலுக்குப் படுத்திருக்கும்போது பழைய கதைகள் சொல்வார். 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்த பிறகு கத்தோலிக்கக் குருமாருக்கு இந்தப் பக்கம் இடமில்லாமல் போனது. ஜோசப் வாஸ் அடிகள் கோவாவிலிருந்து ஒளித்து மறைத்து வந்து சேர்ந்தது 1687இல். இடையில் ஏறக்குறைய முப்பது வருசம். 1670இல் மாந்தையிலிருந்து மாதாவின் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு மடுக் காட்டுக்குள் போனதும் சாதாரணக் குடும்பங்கள்தான். “சுவாமிமார் இல்லாத காலத்தில செபத்தைக் காப்பாத்தினது ஆர் தம்பி? வயல் செய்த சனம்தான்” என்பார். அடக்கப் பிரசங்கத்தில் சுவாமி, பொதுநிலையினரின் பணி பற்றி இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட ஏட்டைப் பற்றிச் சொன்னார். நல்ல பிரசங்கம். ஆனால் வன்னிக்கு அது புதிய செய்தியே இல்லை என்றுதான் நான் நினைத்துக்கொண்டு நின்றேன்.

வாஸ் அடிகளைப் புனிதராக்கிய அன்றே, 2015 ஜனவரி 14, பாப்பரசர் பிரான்சிஸ் மடுவுக்கும் வந்தாரல்லவா, அதற்கு ஐயா பஸ்ஸில் போய் வந்தார். “தூரத்தில வெள்ளையாய் ஒரு பொட்டுத்தான் தெரிஞ்சது, அது காணும்” என்று சொல்லிவிட்டு வயலுக்குத் தண்ணி கட்டப் போய்விட்டார்.

நீ இங்கே இல்லாத காலத்தைப் பற்றி நான் அதிகம் எழுதியதில்லை. 2009இல், கடைசிச் சண்டை நேரம், வலைஞர்மடத்தில் எங்கட தறப்பாள் கொட்டிலுக்குக் கிட்டத்தான் அவருடைய தறப்பாளும். பங்கருக்குள் இருந்து செபமாலை சொல்வார். செல்லடி கொஞ்சம் ஓய்ந்தால் மண்வெட்டியோடு வெளிக்கிடுவார். செத்தவர் ஆர், எந்தச் சமயம் என்று பார்த்துக் குழி வெட்டியதில்லை. சைவ ஆக்கள் என்று தெரிந்தால் மட்டும் என்னைக் கூப்பிடுவார். “தம்பி, உங்கட முறைக்கு ஒரு தேவாரம் சொல்லு.” நான் சொல்லி முடிக்கும்வரை மண்வெட்டிப் பிடியில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்தபடி நிற்பார். அவசரப்படுத்த மாட்டார். அந்த இடத்தில் அது எவ்வளவு பெரிய காரியம் என்று உனக்கு எப்படிச் சொல்ல?

மீள்குடியேறி வந்தபோது ஒழுங்கையில் ஒரு கிணற்றிலும் வாய் வைக்க முடியாது. இரவல் வாட்டர் பம்ப் ஒன்று எடுத்து வந்து வளவு வளவாக இறைத்தார். தானே உள்ளே இறங்கி, துருப்பிடித்த தகரம், சைக்கிள் றிம், ஊறிப்போன உடுப்பு எல்லாவற்றையும் வாளியில் நிரப்பி அனுப்ப, நாங்கள் மேலே நின்று இழுத்தோம். புருசனில்லாத வீடுகள் முதலில். அவருடைய கிணறு கடைசி. அதுவரை அவருடைய மனுசி எங்கட கிணற்றில்தான் தண்ணி அள்ளினா.

வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு நடந்து போகிற சனத்துக்குத் தண்ணீர்ப்பந்தல் போடுவதிலும் அவர்தான் முன்னுக்கு நிற்பார். தேசிக்காய்த் தண்ணியில் சீனி குறைந்தால் எங்களுக்குப் பேச்சு விழும். இந்த வருசமும் போடுகிறோம். பெடியளோடு கதைத்துவிட்டேன்.

அடக்கத்துக்குச் சேமக்காலைக்கு ஊரே வந்தது. பிள்ளையார் கோயில் ஐயரும் வாசலடி வரை வந்து, பெட்டி உள்ளே போகும்வரை நின்றார். சுவாமி வராத ஞாயிறுகளில் இனி மூத்த மருமகள் செபம் சொல்லுவா. குரல் மெல்லிசு, ஆனால் பிழை விடாமல் வாசிக்கிறா.

உன்னிடம் ஒரு உதவி. மடு ஆடித் திருவிழாவுக்கு எல்லோரும் மாட்டு வண்டிலில் போனபோது உன் அண்ணை எடுத்த படம் உங்களிடம் இருக்கிறதா? அதில் ஐயா வண்டிலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார் என்று நினைவு. இடம்பெயர்ந்ததில் அவர்கள் வீட்டுப் படங்கள் எல்லாம் போய்விட்டன. பிறகு எடுத்த அடையாள அட்டைப் படம் மட்டும்தான் இருக்கிறது. இருந்தால் தெளிவாக ஸ்கேன் பண்ணி வாட்ஸ்அப்பில் அனுப்பு. முப்பத்தொன்றாம் நாள் நினைவுக்கு முன்னம் பெரிதாக்கிப் பிறேம் போட்டுக் கொடுப்பதாக அவருடைய மகனுக்குச் சொல்லியிருக்கிறேன்.

அண்ணையையும் விசாரித்ததாகச் சொல்.

இப்படிக்கு,
உன் பழைய சிநேகிதன்