ஆணையத்தில் ஜெயித்தவரை ஐகோர்ட்டுக்கு இழுக்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி மனு போட்டால் 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் முதல் மேல்முறையீடு, அதிலும் நடக்காவிட்டால் தகவல் ஆணையம் என்பது பலருக்குத் தெரியும். ஆனால் 'ஆவணத்தைக் கொடு' என்று ஆணையமே உத்தரவு போட்ட பிறகு என்ன ஆகிறது என்று யாரும் பேசுவதில்லை.

துறை ஐகோர்ட்டில் ரிட் மனு போட்டுத் தடை வாங்கிவிடுகிறது. எனக்கு அதுதான் நடந்தது. ஓர் அலுவலகத்தில் ஒரு கோப்பின் நகல் கேட்டு, அலைந்து, ஆணையத்தில் ஜெயித்தேன். கைக்கு வந்தது கோப்பு இல்லை, கோர்ட் நோட்டீஸ். அவர்களுக்கு அரசு வக்கீல், செலவு மக்கள் வரிப்பணம். நான் சொந்தக் காசில் வக்கீல் வைக்க வேண்டும், வைக்காவிட்டால் என் தரப்பைச் சொல்ல ஆளில்லை.

உச்ச நீதிமன்ற நீதிபதிகளின் சொத்து விவரம் பற்றி 2007ல் ஒருவர் போட்ட மனு ஆணையத்திலும் டெல்லி ஐகோர்ட்டிலும் ஜெயித்தது. அப்படியும், தலைமை நீதிபதி அலுவலகம் இந்தச் சட்டத்துக்கு உட்பட்டதுதான் என்று உச்ச நீதிமன்றம் முடிவாகச் சொன்னது 2019 நவம்பரில்! அந்த வழக்குக்கே 12 வருஷம் என்றால், ஏதோ ஒரு டெண்டர் கோப்பைக் கேட்பவர் எத்தனை வருஷம் தாங்குவார்? அதற்குள் போட்ட ரோடே பெயர்ந்துவிடும்.

அமெரிக்காவில் இப்படி வழக்கில் ஜெயிப்பவருக்கு வக்கீல் செலவை அரசே கொடுக்கும்படி கோர்ட் சொல்ல அவர்கள் தகவல் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. இங்கே ஐகோர்ட் மனது வைத்தால் செலவுத்தொகை உண்டு, அது கட்டாயம் இல்லை. இதில் 2023ல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம், 'தனிப்பட்ட தகவல்' என்று சொல்லி மறுப்பதை இன்னும் எளிதாக்கிவிட்டது. பொதுநலன் பெரிது என்றால் கொடுக்கலாம் என்ற தகவல் உரிமைச் சட்டத்தின் 8(2) பிரிவு மிச்சம் இருக்கிறது, சரி, ஆனால் அதை நிரூபிக்கவும் நாம்தானே கோர்ட் ஏற வேண்டும்?

நான் கேட்பது இதுதான். ஆணையத்தின் உத்தரவை எதிர்த்துப் போகும் துறை, தகவல் கேட்டவரின் வக்கீல் செலவையும் ஏற்க வேண்டும். தடை கேட்கும்போதே, தகவல் உரிமைச் சட்டத்தின் 10வது பிரிவு சொல்கிறபடி சர்ச்சைக்குரிய பகுதியை மட்டும் மறைத்துவிட்டு மீதிப் பக்கங்களைக் கையில் கொடுத்துவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்