ரேடியேட்டர் ஃபேன் வெளியே வரும் வழி

அன்புள்ள பாப்பாவுக்கு,

காரின் ரேடியேட்டர் ஃபேனைக் கழற்ற வழியே தெரியவில்லை என்று நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கை நுழையவே இடமில்லைதான். எஞ்சின் குறுக்குவாட்டில் உட்கார்ந்திருக்கும் சின்ன வண்டிகள் பலவும் இப்படித்தான் இருக்கும். ஆனாலும் அந்த ஃபேன் வெளியே வரும்மா. சுற்றி இருப்பவற்றில் எதை முதலில் ஒதுக்குவது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

கழற்றுவதற்கு முன் பழுது ஃபேனில்தானா என்று பார்த்துவிடு. வண்டி வேகமாகப் போகும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரை ஆற்றிவிடும். நெரிசலில் நிற்கும்போதுதான் ஃபேனுக்கு வேலை. நிற்கும்போது எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் ஏறுகிறது, ஓட்டினால் இறங்குகிறது என்றாய். அதனால் எனக்கும் ஃபேன் பக்கம்தான் சந்தேகம். ஓட்டும்போதும் ஏறியிருந்தால் தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப், அடைத்துப்போன ரேடியேட்டர் என்று வேறு இடத்தில் தேடச் சொல்லியிருப்பேன். பெரும்பாலான வண்டிகளில் ஏசி போட்டால் ஃபேன் சுற்ற வேண்டும். சுற்றாவிட்டால் முதலில் ஃபியூஸைப் பார். அடுத்து ரிலே, அதாவது ஃபேனுக்குக் கரன்ட்டைத் திறந்துவிடும் சின்ன சுவிட்ச். ஃபியூஸ் பெட்டிக்குள் அதே எண் போட்ட இன்னொரு ரிலே இருந்தால் இடம் மாற்றிப் போட்டுப் பார். கடைசியாக ஃபேனின் வயர் செருகியிருக்கும் கனெக்டரைக் கழற்றிவிட்டு, நடுவில் ஃபியூஸ் வைத்த வயரால் பேட்டரியிலிருந்து மோட்டாருக்கு நேராக 12 வோல்ட் கொடு. இரண்டே முனை உள்ள மோட்டாருக்குத்தான் இது. அதற்கு மேல் முனைகள் இருந்தால் உள்ளே கன்ட்ரோல் மாட்யூல் இருக்கலாம், நேராகக் கரன்ட் கொடுக்காதே. மோட்டார் சுற்றிவிட்டால் அதைக் கழற்ற வேண்டியதே இல்லை, வயரிங்கைத் தேடு.

இனி நான் சொல்வதில் ஒன்றைக்கூட விட்டுவிடாதே. எஞ்சின் முழுக்க ஆறட்டும், இரவு விட்டுக் காலையில் செய்வது உத்தமம். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியில் கை வைக்கவே கூடாது. மூடி தாங்கிப் பிடிக்கும் அழுத்தத்தால், தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் உள்ளே ஏறக்குறைய 130 டிகிரி வரை கொதிக்காமல் நிற்கும். திறந்த நொடியில் முகத்தில் பாயும். பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலையும் கழற்றி ஓரமாக வை. சில வண்டிகளில் சாவியை எடுத்த பிறகும் ஃபேன் தானாகச் சுற்றத் தொடங்கும். உன் விரல் இறக்கைகளுக்கு நடுவே இருக்கும்போது அது நடக்கக் கூடாது.

ஒவ்வொன்றையும் கழற்றும் முன் ஒரு படம் எடுத்துக்கொள். முதலில் ஏர் ஃபில்டருக்குப் போகும் குழாய் வெளியே வரட்டும். தேவைப்பட்டால் பேட்டரியையும் அதன் தட்டையும் எடுத்துவிடு. அதற்குச் சோம்பல்படுகிறவர்கள்தான் மணிக்கணக்காகக் கையைக் கிழித்துக்கொள்கிறார்கள். கனெக்டரில் ஒரு சின்னப் பூட்டு இருக்கும். அதை விடுவித்து, நாக்கை அழுத்தி, பிளாஸ்டிக்கைப் பிடித்து இழு. வயரைப் பிடித்து இழுக்காதே. பல வருடம் சூட்டில் வெந்த பிளாஸ்டிக் அது, முரட்டுத்தனம் தாங்காது. ஃபேனைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் கூடான ஷ்ரவுடின் மேல் கிளிப் போட்டிருக்கும் வயர்களையும் மெல்லிய குழாய்களையும் ஒவ்வொன்றாக விடுவி. ஒன்று மறந்துபோனாலும் ஃபேன் பாதியில் நிற்கும், நீ காரணம் தெரியாமல் இழுப்பாய்.

ஃபேனை மட்டும் தனியாகக் கழற்ற முயலாதே. ஷ்ரவுடோடு சேர்த்து எடுப்பதுதான் சுலபம். மேலே இரண்டு போல்ட் இருக்கும், பெரும்பாலும் 10 எம்.எம். சாக்கெட் போதும், நீளமான எக்ஸ்டென்ஷன் வைத்துக்கொள். கீழே பல வண்டிகளில் போல்ட் இருக்காது. இரண்டு காதுகள் ரேடியேட்டரின் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும். மேல் போல்ட்டுகள் போனதும் நேராக மேலே தூக்கினால் விடுபடும். அப்போது ரேடியேட்டருக்கும் ஷ்ரவுடுக்கும் நடுவே ஒரு அட்டையை இறக்கிவிடு. இந்த அட்டையை மறக்காதே. ரேடியேட்டரின் அலுமினியத் தகடுகள் அவ்வளவு மெல்லியவை. ஷ்ரவுடின் ஒரு முனை உரசினால் வரிசையாக மடங்கிவிடும், குழாயில் பட்டால் ஒழுகும். ஃபேன் மாற்றப் போய் ரேடியேட்டர் வாங்குகிற நிலை வரும்.

இதற்கு அப்புறமும் வராவிட்டால் பலத்தைக் காட்டாமல் யோசி. ரேடியேட்டரின் மேல் பிராக்கெட்டுகளைக் கழற்றினால் அதை முன்பக்கமாகக் கொஞ்சம் சாய்க்கலாம். அந்த இரண்டு விரல் இடம் போதுமானதாக இருக்கும். ஏசி குழாய்கள் இழுபடாத அளவுக்கு மட்டும் சாய், அவற்றைக் கழற்றவே கூடாது, உள்ளே அழுத்தத்தில் வாயு இருக்கிறது. மேல் ஹோஸ் குறுக்கே நின்றால் கூலன்ட்டைப் பாத்திரத்தில் இறக்கிவிட்டு ஹோஸை எடு. அந்தத் திரவம் இனிக்கும், நாயோ குழந்தையோ நக்கினால் உயிருக்கே ஆபத்து. சிந்தியதை உடனே துடை, பாத்திரத்தை மூடி வை. சில வண்டிகளில் ஃபேன் கீழ்வழியாகத்தான் வரும். அப்படியானால் வண்டியை ஜாக் ஸ்டாண்டில் நிறுத்தாமல் அடியில் போகாதே. ஜாக் தூக்குவதற்கு மட்டும்தான், தாங்குவதற்கு அல்ல. இதில் என்னோடு வாதாடாதே.

புது ஃபேனைப் பழையதன் பக்கத்தில் வைத்து இறக்கைகளின் எண்ணிக்கை, வளைவு, கனெக்டர், காதுகள் எல்லாம் ஒத்துப்போகிறதா பார். மாட்டும்போது கீழ்க் காதுகள் பள்ளத்தில் உட்கார்ந்ததைக் கையால் தடவி உறுதி செய்துகொண்டு, பிறகு போல்ட் போடு. பிளாஸ்டிக்கில் இறங்கும் போல்ட், விரலால் தொடங்கி மிதமாக இறுக்கினால் போதும். இறக்கையைக் கையால் ஒரு சுற்று சுற்றிப் பார். எங்கும் உரசக் கூடாது. பேட்டரியை இணைத்து, ஏசி போட்டு, முன்கிரில்லில் ஒரு தாளை வை. தாள் உள்பக்கம் ஒட்டிக்கொள்ள வேண்டும். வெளியே தள்ளினால் ஃபேன் எதிர்த்திசையில் சுற்றுகிறது என்று பொருள்.

கூலன்ட் இறக்கியிருந்தால் வண்டியின் கையேட்டில் சொன்ன வகையையே ஊற்றி, குழாய்களில் சிக்கிய காற்றை வெளியேற்று. பிறகு நின்ற இடத்திலேயே எஞ்சினை ஓடவிட்டு, ஃபேன் தானாகத் தொடங்கி, தானாக நிற்கும் வரை முள்ளைப் பார்த்துக்கொண்டிரு. அது ஒருமுறை நின்ற பிறகுதான் வண்டியை வெளியே எடு.

காதுகள் எங்கே மாட்டியிருக்கின்றன என்று தெரியாவிட்டால் இழுக்காமல் என்னைக் கூப்பிடு. வீடியோவில் காட்டு, சேர்ந்து பார்ப்போம். ஞாயிற்றுக்கிழமை முழுக்க போனைப் பக்கத்திலேயே வைத்திருப்பேன்.

அன்புடன்,
அப்பா