கல்லூரிப் பட்டியலில் லேப் எங்கே?

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் இதழில் வந்த பொறியியல் கல்லூரி வழிகாட்டிப் பக்கங்களைப் படித்தேன். ஆண்டுக் கட்டணம், தரவரிசை, அதிகபட்ச சம்பளம் என்று மூன்று கட்டம் போட்டு அட்டவணை கொடுத்திருக்கிறீர்கள். கையில் இருக்கிற பணத்துக்குள் பிள்ளையை நல்ல இடத்தில் சேர்க்க நினைக்கும் வீட்டுக்கு இந்த மூன்றும் பெரிதாக உதவாது, சில நேரம் தப்பான பக்கம் தள்ளியும் விடும் என்பதால்தான் எழுதுகிறேன்.

படிப்பு முடித்து வருகிறவர்களை வேலைக்கு எடுக்கும் நேர்காணல் குழுவில் நான் இருக்கிறேன். ஒருவரிடம் ஐந்து நிமிடம் பேசினாலே, கருவியைக் கையால் தொட்டுப் படித்தவரா, ரெக்கார்டு நோட்டை மட்டும் எழுதி முடித்தவரா என்பது தெரிந்துவிடும். நீங்கள் செய்த புராஜெக்ட்டில் எது வேலை செய்யவில்லை, ஏன் என்று கேட்பேன். உண்மையிலேயே செய்தவர் அந்த மோட்டார் ஏன் சூடானது, எந்த இணைப்பை மாற்றினார் என்று நிறுத்தாமல் சொல்வார். பெயர் கேள்விப்படாத கல்லூரியிலிருந்து வந்து இப்படிப் பேசியவர்களும் உண்டு, பெரிய பெயருள்ள இடத்தில் படித்துவிட்டுத் தன் புராஜெக்ட்டின் முதல் படத்தையே விளக்க முடியாமல் நின்றவர்களும் உண்டு.

இன்றைக்குப் பாடம் கேட்பதற்குப் பணம் தேவையில்லை என்ற நிலை வந்துவிட்டது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் தன் பாடங்களை இணையத்தில் எல்லோருக்கும் இலவசமாகத் தரப்போவதாக 2001-லேயே அறிவித்தது, இந்தியாவின் ஐ.ஐ.டி.களும் ஐ.ஐ.எஸ்.சி.யும் நடத்தும் என்.பி.டி.இ.எல். என்ற இணையவழிப் பாடத் திட்டம் இருக்கிறது, தெர்மோடைனமிக்ஸோ சர்க்யூட் தியரியோ நல்ல ஆசிரியர் சொல்லிக் கேட்க இணையம் இருந்தால் போதும். அப்படியானால் நான்கு வருடம் கட்டுகிற பணம் எதற்கு? இணையத்தில் கிடைக்காதவற்றுக்கு. லேப், ஒர்க்‌ஷாப், நாம் போட்ட கணக்கில் எந்த வரியில் தப்பு என்று உட்கார்ந்து காட்டும் ஆசிரியர், கூடப் படிக்கும் கூட்டம். கட்டடத்துக்கும் நுழைவாயில் வளைவுக்கும் கொடுக்கிற பணம் படிப்பில் சேராது.

அதனால் கல்லூரியைப் பார்க்கப் போகிறவர்கள் அலுவலக அறையோடு திரும்பிவிட வேண்டாம். லேப்பைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஒரு மேசைக்கு எத்தனை பேர், எல்லாக் கருவியும் ஓடுகிறதா, வகுப்பு முடிந்த பிறகும் உள்ளே விடுவார்களா? மூன்றாம் வருட மாணவர் இரண்டு பேரிடம் தனியாகப் பேசுங்கள். ஃபைனல் இயர் புராஜெக்ட்டைத் தாங்களே செய்கிறார்களா, வெளியில் காசு கொடுத்து வாங்குகிறார்களா என்று அவர்களைக் கேட்டால் மறைக்காமல் சொல்லிவிடுவார்கள். வருடத்துக்கு வருடம் ஆசிரியர்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்களா என்பதும் அவர்களுக்குத்தான் தெரியும்.

அப்புறம் அங்கீகாரம். இதில்தான் குழப்பம் அதிகம். கல்லூரிக்குக் கிடைக்கும் தரச்சான்று வேறு, பாடப்பிரிவுக்குக் கிடைக்கும் அங்கீகாரம் வேறு. இந்தியாவில் நாக் (NAAC) என்ற அமைப்பு பார்ப்பது மொத்தக் கல்லூரியை, என்.பி.ஏ. (NBA) என்ற தேசிய அங்கீகார வாரியம் பார்ப்பது தனித்தனிப் பாடப்பிரிவை. ஒரே வளாகத்தில் மெக்கானிக்கலுக்கு அங்கீகாரம் இருக்கும், புதிதாகத் தொடங்கிய பிரிவுக்கு இருக்காது. நாளைக்கு வெளிநாட்டில் வேலைக்கோ மேற்படிப்புக்கோ போக நினைப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். பொறியியல் பட்டங்களை நாடுகள் பரஸ்பரம் ஏற்க 1989-இல் ஏற்பட்ட வாஷிங்டன் ஒப்பந்தத்தில் சிங்கப்பூர் 2006-லும் மலேசியா 2009-லும் இந்தியாவும் இலங்கையும் 2014-லும் முழு உறுப்பினர்களாயின. ஆனால் நாடு உறுப்பினர் என்பதாலேயே அங்குள்ள எல்லாப் பட்டமும் அதற்குள் வந்துவிடாது, நாம் சேரும் பிரிவின் பெயர் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா, எந்த வருடம் வரை என்று பார்க்க வேண்டும். பொறியியல் தொழில்நுட்பம் என்ற பெயரில் வரும் பட்டங்களுக்கு சிட்னி ஒப்பந்தம் என்று தனியாக ஒன்று இருக்கிறது, இரண்டையும் ஒன்றாக நினைத்துச் சேர்ந்துவிடக் கூடாது.

தரவரிசையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பல்கலைக்கழகங்களை வரிசைப்படுத்தும் க்யூ.எஸ். உலகப் பட்டியலில் கல்வியாளர்களின் கருத்துக்கணிப்புக்கு மட்டும் 30 விழுக்காடு, ஆய்வுக் கட்டுரை மேற்கோள்களுக்கு 20 விழுக்காடு. ஆக மதிப்பெண்ணில் பாதி, முதல் வருடப் பிள்ளைக்கு யார் பாடம் எடுக்கிறார்கள் என்பதைத் தொடவே இல்லை. சம்பளக் கணக்கும் இப்படித்தான். பத்துப் பேரில் ஒருவருக்கு மற்றவர்களைவிட இருபது மடங்கு கிடைத்தால், சராசரி ஏறக்குறைய மூன்று மடங்காகத் தெரியும், ஒன்பது பேர் அப்படியேதான் இருப்பார்கள். எல்லோரையும் சம்பள வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவருக்கு எவ்வளவு, வேலை கிடைக்காதவர்கள் எத்தனை பேர் என்று கேட்க வேண்டும்.

செலவையும் முதல் வருடக் கட்டணத்தை வைத்துப் போடக் கூடாது. விடுதி, பேருந்து, தேர்வுக் கட்டணம் எல்லாம் சேர்த்து நான்கு வருடத்துக்கும் மொத்தமாகக் கூட்டிப் பாருங்கள். உதவித்தொகை தருகிறோம் என்றால் அடுத்த வருடமும் தொடர எவ்வளவு மதிப்பெண் வேண்டும் என்பதை எழுத்தில் வாங்குங்கள், ஒரு செமஸ்டர் சறுக்கினால் நின்றுபோகும் உதவித்தொகையை நம்பிக் கணக்குப் போட முடியாது. அரியர் விழுந்து படிப்பு ஐந்தாம் வருடத்துக்கு நீண்டால் மலிவான கல்லூரிதான் விலை கூடியதாகிவிடும், கடன் வாங்கியிருந்தால் வட்டி வேறு ஏறிக்கொண்டிருக்கும். ஆகவே சேர்ந்தவர்களில் எத்தனை பேர் நான்கே வருடத்தில் முடிக்கிறார்கள் என்ற எண்ணும் செலவுக் கணக்கில் சேர வேண்டியதுதான்.

உங்கள் அடுத்த வழிகாட்டிப் பக்கத்தில் அதிகபட்ச சம்பளம் என்ற கட்டத்தை எடுத்துவிட்டு, சம்பள வரிசையில் நடுவில் நிற்பவரின் சம்பளம், நான்கு வருட மொத்தச் செலவு, பிரிவுவாரி அங்கீகாரம், உரிய காலத்தில் முடித்தவர்கள் என்று கட்டங்கள் போடுங்கள். கல்லூரிகளுக்கு இந்தக் கேள்விகளை நீங்களே அனுப்புங்கள், பதில் தராத கல்லூரியின் பெயருக்கு எதிரே 'பதில் தரவில்லை' என்று அச்சிட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்