ஓகஸ்ட் வேண்டாம் மச்சான்

வெள்ளவத்தை,
ஜூன் 3

அன்புள்ள குகன்,

ஓகஸ்ட் லீவுக்கு நீயும் றஞ்சனும் எவரெஸ்ட் அடிவார முகாமுக்குப் போக ரிக்கற் பார்க்கிறீர்கள் என்று சிவா சொன்னான். பகிடி என்று நினைத்தேன். நீ அவனுக்கு அனுப்பியதையே எடுத்துக் காட்டினான். போனில் சொன்னால் நீ நடுவில் பாய்ந்து உன் கதையைத் தொடங்கிவிடுவாய், அதனால்தான் கடிதம். வீட்டில் எல்லாரும் சுகம். அம்மாவின் கண் ஒப்பரேஷன் நல்லபடி முடிந்தது. பெரியவள் உயர்தரத்துக்குக் கணிதம்தான் எடுப்பாளாம். என் பேச்சு எடுபடவில்லை. இங்கத்தைய புதினம் அவ்வளவுதான்.

வருசக்கணக்காகப் பருவக்காற்றைக் கரும்பலகையில் அம்புக்குறி போட்டுப் படிப்பிக்கிற புவியியல் வாத்தியார் ஓகஸ்ட்டில் நேபாளம் போகிறாராம்! யாழ்ப்பாணத்தில் ஓகஸ்ட் என்றால் வெயில், புழுதி, நல்லூர்க் கொடி. அதை வைத்தே இமயமலையையும் அளந்துவிட்டாய் போல. மே கடைசியில் எங்கள் காலி வீதியை நனைக்கத் தொடங்குகிற அதே தென்மேற்குக் காற்று ஜூன் நடுவில் காத்மண்டுவில் நிற்கும். ஒக்ரோபர் பிறக்கிற நேரத்தில்தான் அங்கிருந்து கிளம்பும். நேபாளத்தின் வருச மழையில் ஏறத்தாழ 80 வீதம் அந்த நாலு மாதத்துக்குள் கொட்டிவிடும்.

நனைவதைப் பற்றி நான் சொல்லவில்லை. நனைந்தால் காயலாம். நடை தொடங்குகிற லுக்லாவில் விமான ஓடுபாதை 527 மீற்றர்தான் நீளம், 12 வீதச் சரிவு, ஒரு முனையில் மலைச்சுவர், மறுமுனையில் பள்ளம். விமானி கண்ணால் பார்த்துத்தான் இறக்கவேண்டும். மேகம் மூடினால் அன்றைக்கு விமானம் இல்லை, ஓகஸ்ட்டில் அப்படி நாள் கணக்காக மூடிக் கிடக்கும். ஒருமாதிரிப் போய் இறங்கினாலும் கீழ்ப்பாதையில் அட்டை, வழுக்கல், மண்சரிவு. எல்லாவற்றையும் தாண்டி எவரெஸ்ட்டைப் பார்க்க 5,500 மீற்றரில் காலாபத்தர் குன்றில் ஏறி நின்றால் முன்னால் வெள்ளைச் சுவர் மாதிரி மேகம். அதைப் பார்க்க ஹப்புத்தளைக்குப் போனால் போதும், பஸ் காசோடு முடிந்துவிடும்.

“எந்த மாதம் திறம்” என்று ஊரெல்லாம் விசாரிக்கிறாய். உனக்கு மாதத்தை மாற்ற ஏலாது, பள்ளிக்கூடம் பூட்டினால்தான் போகலாம். மாற்றக்கூடியது மலையைத்தான். ஏப்ரல், ஓகஸ்ட், டிசெம்பர், இந்த மூன்று லீவுக்கும் இமயத்தில் மூன்று வெவ்வேறு இடம் இருக்கிறது.

ஓகஸ்ட்தான் என்று பிடிவாதமாக நின்றால் லடாக். மழைமேகத்தைத் தெற்கு மலைத்தொடர்கள் மறித்துவிடுவதால் அங்கத்தைய பெரிய ஊரான லேயில் வருசத்துக்கே 100 மில்லிமீற்றர் அளவில்தான் மழை. மழைநிழல் என்று நீயே படிப்பிக்கிறாய். ஜூலை முதல் செப்ரெம்பர் நடுவரை அங்கே நல்ல காலம். மார்க்கா பள்ளத்தாக்கு நடையில் 5,200 மீற்றரைத் தாண்டுகிற கணவாய் ஒன்றும் இருக்கிறது. இரண்டு விசயத்தில் கவனம். டெல்லியில் விமானம் ஏறினால் ஒன்றரை மணித்தியாலத்துக்குள் 3,500 மீற்றரில் இறக்கிவிடுவான். உடம்புக்கு அது அடி. முதல் இரண்டு மூன்று நாள் லேயில் சும்மா கிடக்கவேண்டும், பக்கத்துக் குன்றுக்குக்கூட ஏறக்கூடாது. மற்றது ஆறு. பனி உருகி வருகிற தண்ணீர் மத்தியானத்துக்குப் பிறகுதான் பெருகும், விடிய ஆறு மணிக்கு முழங்காலளவு நிற்கிற இடத்தில் மூன்று மணிக்கு இடுப்பளவு ஓடும். கடப்பதைக் காலையில் முடி. மழை குறைவு என்று ஆற்றுப்படுக்கையில் கூடாரம் அடிக்கவும் கூடாது. 2010 ஓகஸ்ட்டில் ஒரே இரவில் கொட்டிய மழை லே ஊரின் பல பகுதிகளை அடித்துக்கொண்டு போனது.

சம்பளமில்லா லீவு போட்டு ஒக்ரோபரில் போகலாமா என்று சிவாவிடம் கேட்டாயாம். எல்லாரும் சொல்லுகிற மாதம் அதுதான். மழை தூசியைக் கழுவிவிட்டுப் போயிருக்கும், வானம் கண்ணாடி, பகலில் ஒரு சட்டையோடு நடக்கலாம். சனமும் அதற்கேற்றபடி, லொட்ஜில் கட்டில் கிடைக்காமல் சாப்பாட்டு மண்டபத்து வாங்கில் படுப்பார்கள். சனத்தைப் பொறுக்கலாம். எனக்குப் பயம் வங்காள விரிகுடாதான்.

2014 ஒக்ரோபர் 12 ஹூட்ஹூட் புயல் விசாகப்பட்டினத்தில் கரையேறியது. கரையேறியதும் எல்லாரும் செய்தியை மூடிவிட்டார்கள். அது வலுவிழந்தபடியே வடக்கே போய், 14ஆம் திகதி அன்னபூர்ணா சுற்றுப்பாதையின் தொரோங் கணவாயில், 5,416 மீற்றரில், பனியாகக் கொட்டியது. அந்தப் பக்கத்தில் குறைந்தது 43 பேர் செத்தார்கள், ஒக்ரோபர் நடுவில், திறமான பருவம் என்று புத்தகங்கள் சொல்லுகிற கிழமையில். சிலர் கணவாய் உச்சியிலிருந்த தேத்தண்ணிக் கொட்டிலுக்குள் ஒதுங்கி, பிறகு நடக்கலாம் என்று இறங்கி, இடுப்பளவு பனியில் வழி தெரியாமல் போனவர்கள். 1995 நவெம்பரிலும் விரிகுடாவில் கிளம்பிய புயல்தான் எவரெஸ்ட் வட்டாரத்துக் கோக்கியோப் பக்கம் பனிச்சரிவைக் கொண்டுவந்தது.

இதில் உனக்கு ஒரு வாசி இருக்கிறது. வெள்ளைக்காரன் மலைக்கு மேலே மட்டும் வானத்தைப் பார்ப்பான். எங்கள் ஆட்கள் விரிகுடாவில் தாழமுக்கம் என்றால் கூரையில் கல் வைக்கிறவர்கள். ஒக்ரோபரில் போனால் ஒவ்வொரு இரவும் மலை வானிலையோடு விரிகுடாச் செய்தியையும் பார். தாழமுக்கம் ஆந்திரா, ஒடிசாப் பக்கம் போய் வடக்கே திரும்பும் என்று சொன்னால், கணவாய்க்கு முன்னால் மனாங்கில், 3,540 மீற்றரில், இரண்டு மூன்று நாள் இரு. கரையேறி இரண்டு நாளில் மலைக்கு வந்துவிடும் என்று கணக்கு வை. நவெம்பரானால் புயல்கள் ஒக்ரோபரைவிடக் கூடுதலாகத் தமிழ்நாட்டுக்கும் எங்களுக்கும்தான் திரும்பும், மலைக்குக் கரைச்சல் குறைவு. அதனால்தான் நவெம்பர் முதல் மூன்று கிழமையை ஒக்ரோபரைவிட நான் கூடுதலாக நம்புவேன். ஆனால் நவெம்பரில் உன் அதிபர் லீவு தரமாட்டார், அந்த மனுசனைப் பற்றி நான் ஏன் எழுதி மையைக் கெடுக்கவேண்டும்.

டிசெம்பர் முதல் பாதி கெட்ட காலமில்லை. வானம் வறண்டு தெளிவாக இருக்கும், பாதையில் சனமில்லை. ஆனால் அடிவார முகாமுக்கு முந்திய கடைசித் தங்குமிடமான கோரக் ஷெப்பில் இரவு பூச்சியத்துக்குக் கீழே 15, 20 பாகை. குழாய் உறையும், மேலே லொட்ஜ் பாதி பூட்டியிருக்கும், குளிர்காலத்தில் அதே உயரத்திலேயே வளியமுக்கம் இன்னும் கொஞ்சம் குறையும் என்பதால் மூச்சும் கூட வாங்கும். தண்ணீர்ப் போத்தலைத் தலைகீழாக வைக்கவேண்டும், ஐஸ் மேலேயிருந்து பிடிப்பதால் நிமிர்த்தி வைத்தால் மூடிதான் முதலில் இறுகும். வடிகட்டி கொண்டுபோனால் இரவில் படுக்கைப் பைக்குள் வை. ஒருமுறை உறைந்தால் உள்ளே வெடித்துவிடும், வெளியே பார்த்தால் தெரியாது. இதெல்லாம் குளிர் தாங்குகிறவனுக்கு. நுவரெலியாவில் இரண்டு போர்வைக்குள் சப்பாத்தோடு படுத்தவனுக்கு இல்லை.

ஆகவே உனக்கு ஏப்ரல். கோரக் ஷெப்பிலேயே இரவில் பூச்சியத்துக்குக் கீழே 5 முதல் 10 வரைதான் போகும். ஏப்ரலில் அடிவார முகாமில் ஏறுகிறவர்களின் கூடாரங்கள் நிறைந்திருக்கும். உச்சியை அறைகிற மேல்வளி ஓட்டம் மே நடுவில் விலகுவதைப் பார்த்துக் காத்திருக்கிற ஆட்கள். ஒக்ரோபரில் அங்கே பெரும்பாலும் கல்லும் கொடியும்தான். குறையும் இருக்கிறது: காட்டுத்தீப் புகையும் தூசியும் கீழ்மலைகளை மறைக்கும், அதனால் பொக்காராப் பக்கத்தை அந்த மாதத்தில் நான் தெரிவுசெய்யமாட்டேன், பூன் ஹில்லில் லாலிகுராஸ் பூத்துக் கிடந்தாலும். 4,000 மீற்றருக்கு மேலே காலை தெளிவு, மத்தியானம் மேகம். விடிய ஆறு மணிக்கு நடையைத் தொடங்கி ஒரு மணிக்குள் லொட்ஜுக்குள் போ. காலாபத்தருக்கு ஒக்ரோபரில் என்றால் பின்னேரம் ஏறச் சொல்வேன், அப்போதுதான் எவரெஸ்ட் முகத்தில் வெயில் விழும். ஏப்ரலில் விடியற்காலைதான், பின்னேரத்தை நம்ப ஏலாது.

லீவு தொடங்கிய அன்றே புறப்படவேண்டும். லுக்லாவிலிருந்து பக்டிங், நாம்சே, நாம்சேயிலேயே ஒரு நாள் ஓய்வு, தெங்போச்சே, டிங்போச்சே, அங்கேயும் ஒரு நாள், பிறகு லொபுச்சே, கோரக் ஷெப். ஏற எட்டு நாள், இறங்க மூன்று. லுக்லா விமானத்துக்கு இரண்டு நாள் கையிருப்பு. காத்மண்டுவையும் சேர்த்தால் 16 நாள். வருசப்பிறப்புக்கு வீட்டில் இருக்கமாட்டாய், மச்சாளிடம் இப்போதே சொல்லிவை. நேபாளத்துக்கும் அதே நாட்களில்தான் வருசம் பிறக்கிறது, எங்கேயோ ஒரு லொட்ஜில் பாயாசம் கிடைத்தாலும் கிடைக்கும். நெருக்கடி மாதமென்பதால் லுக்லா விமானம் அனேகமாகக் காத்மண்டுவிலிருந்து இல்லை, வெளியேயுள்ள மந்தலியிலிருந்துதான். அங்கே போகக் காத்மண்டுவில் இரவு ஒன்று, இரண்டு மணிக்கு வாகனம் ஏறவேண்டும். கையில் 5 கிலோ, பெட்டியில் 10. அதற்கு மேலே றஞ்சனின் மிக்சர் பைகளுக்கு இடமில்லை.

பகிடி இத்தோடு போகட்டும். எனக்கு உன்னைவிட றஞ்சனைப் பற்றித்தான் கவலை. அவன் தலையிடி என்று வாய் திறக்கிற ஆளில்லை, பருவம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் உயரத்தில் காற்றுக் குறைந்து வருகிற உயர நோயை மறைப்பதுதான் ஆளைக் கொல்லும். எங்கள் நாட்டில் பழகிக்கொள்ள உயரமில்லை. சிவனொளிபாதமலை 2,243, பீதுருதாலகால 2,524, நாம்சேயே 3,440. ஏறிப் பழகு, கால் பலப்படும், ஆனால் நுரையீரல் ஒன்றும் பழகாது. 3,000க்கு மேலே படுக்கிற இடத்தை ஒரு நாளைக்கு ஏறத்தாழ 500 மீற்றருக்கு மேல் உயர்த்தாதே. தலையிடியோடு சத்தியும் வந்தால் அன்றைக்கு ஏற்றமில்லை. ஒரு காலின் விரல் நுனியோடு மறுகாலின் குதியை ஒட்டிவைத்து நேர்கோட்டில் நடக்கச் சொல்லு, தள்ளாடினால் இரவென்றாலும் இறக்கவேண்டும், விடியட்டும் என்று பார்க்காதே. சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்கினாலும் அதேதான். உயர நோயைத் தடுக்கிற டயமொக்ஸ் குளிசை 125 மில்லிகிராம் காலையும் மாலையும், ஏற்றத்துக்கு முதல்நாள் தொடங்குவது வழக்கம். விரல் நுனி கூசும், அடிக்கடி மூத்திரம் போகும். சல்பா ஒவ்வாமை இருந்தால் ஆகாது. உனக்குப் பிரஷர் குளிசையும் இருக்கிறபடியால் டொக்டரிடம் கேட்காமல் தொடாதே.

காப்புறுதிப் பத்திரத்தில் உயர வரம்பைச் சின்ன எழுத்தில் தேடு. 6,000 மீற்றர் வரை ஹெலி மீட்பு என்று எழுத்தில் இருக்கவேண்டும். சார்க் நாட்டுக்காரர் என்பதால் வருசத்தின் முதல் பயணத்துக்கு 30 நாள் வீசா இலவசம், எவரெஸ்ட் இருக்கிற சகர்மாதா பூங்காக் கட்டணமும் 3,000க்குப் பதிலாக 1,500 நேபாள ரூபாய்தான். சப்பாத்தை மட்டும் இங்கே வாங்கி இரண்டு மாதம் போட்டு நட. தடித்த ஜக்கெற்றும் படுக்கைப் பையும் காத்மண்டுவின் தமேலில் வாடகைக்குக் கிடைக்கும்.

ஓகஸ்ட் ரிக்கற்றுக்குக் காசு கட்டாமல் இருந்தால் கட்டாதே. கட்டியிருந்தால் லேக்கு மாற்ற முடியுமா என்று பார். எது என்று இந்தக் கிழமைக்குள் ஒரு வரி எழுது. ஏப்ரல் என்றால் லுக்லா ரிக்கற்றுக்கு ஜனவரியிலேயே சொல்லிவைக்கவேண்டும். மூன்றாவது ஆளாக வரத் தயார் என்று சிவா சொல்லுகிறான், அவன் சொன்னால் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும்தானே.

அன்புடன்,
பாலன்