ஈனப்போகும் மாட்டுக்குக் கூரை மட்டும் போதாது

ஆசிரியருக்கு,

2022 மார்கழியில் மாண்டஸ் புயலோடு வந்த குளிரில் இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் மாடுகள் நூற்றுக்கணக்கில் செத்தன. மாரி நெருங்கினால் ‘கொட்டில் போடுங்கள்’ என்கிறார்கள். சரிதான், ஆனால் எப்படிப்பட்ட கொட்டில் என்பதை விளக்கிச் சொல்பவர்கள் குறைவு.

வன்னிக் குளிர் தனியே மாட்டைக் கொல்லாது. நனைந்த உடம்பில் படும் வாடைக்காற்றும் வெறும் வயிறும் சேர்ந்தே கொல்கின்றன. மயிருக்குள் தங்கும் காற்றுத்தான் மாட்டின் சூட்டைக் காக்கிறது. மயிர் நனைந்து படிந்தால் அந்தக் காப்பு போய்விடும். காலபோகம் எனும் மாரிப்போக நெல் விதைத்ததும் மாட்டுப் பட்டிகள் காட்டோரம் ஒதுக்கப்படுகின்றன. மேய்ச்சல் குறைந்து மெலிந்த மாடுகளில் நிறைசினை மாடுதான் முதலில் விழும்.

ஆகவே ஈற்றுக்கு ஒரு மாதம் முன்பே அதைப் பட்டியிலிருந்து பிரித்துவிட வேண்டும். சினைக்காலம் ஏறத்தாழ 280 நாள். சினை ஊசி போட்ட திகதி தெரியாத பட்டி மாட்டுக்கு மடி கட்டுவதே அடையாளம். வால் அடியின் இரு பக்கமும் குழி விழுந்து தளர்ந்தால் ஓரிரு நாளில் ஈனும்.

ஒரு மாட்டுக்கு 10 அடிக்கு 12 அடி இடம் போதும். கூரைக்குச் செலவழிக்குமுன் நிலத்தைப் பாருங்கள். கிறவல் கொட்டி ஓரடி உயர்த்தி, இடித்து, பத்தடிக்கு மூன்று அங்குலம் சரிவு விடுங்கள். கொட்டிலின் வடக்குப் பக்கமும் கிழக்குப் பக்கமும் ஐந்தடி உயரத்துக்குக் கிடுகோ பனையோலையோ இரட்டையாகக் கட்டுங்கள். அதற்கும் கூரைக்கும் இடையில் ஓரடி திறந்திருக்கட்டும். தறப்பாளால் நாலு பக்கமும் இறுக்கி மூடுவது பிழை: உள்ளே வியர்த்துச் சொட்டும், மூத்திர ஆவி கன்றின் நெஞ்சைக் கெடுக்கும். நுளம்புக்குப் போடும் புகையும் மூடிய கொட்டிலுக்குள் அதே கேட்டைத்தான் செய்யும்.

படுக்கைக்கு அரையடி வைக்கல் வேண்டும். அதன்மேல் அரை நிமிடம் முழங்காலில் நின்று பாருங்கள். உடுத்த சாரம் நனைந்தால் மேலே இன்னும் போடவேண்டும். வெறும் சீமெந்துத் தரையில் ஈனவிடாதீர்கள். எழும்பும்போது வழுக்கி விழுந்த மாடு பிறகு எழும்பாமலே போகலாம். தீனியின் பெரும்பங்கை மாலையில் வையுங்கள். இரவு முழுக்க வயிற்றில் சூடு இருக்கும். பகலில் ஈனும் வாய்ப்பும் கூடும், மழை இரவில் ரோர்ச் லைற்றோடு அலைவதும் மிச்சம்!

தண்ணீர்க்குடம் உடைந்து ஒரு மணி நேரமாகியும் முன்னேற்றம் இல்லையென்றால் கால்நடை வைத்தியரை அழையுங்கள். ஆள் சேர்த்துக் கயிறு கட்டி இழுக்க வேண்டாம். கன்று விழுந்ததும் மூக்குச் சளியை வழித்து, தாயை நக்க விட்டு, உலர்ந்த சாக்கால் அழுத்தித் துடையுங்கள். தொப்புள் கொடியை அயடீனில் தோய்க்க வேண்டும்.

இனி, ஈன்றதும் சுரக்கும் முதல் பாலான கடும்புப் பால். இளங்கொடி (நச்சுக்கொடி) விழும்வரை கன்றை ஊட்டவிடாத பழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. அதுதான் குளிர்காலத்தில் கன்றுகளைக் கொல்லும் பழக்கம். கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு கடும்பு முதல் ஆறு மணி நேரத்துக்குள் உள்ளே போகவேண்டும். 20 கிலோ கன்றுக்கு இரண்டு லீற்றர். நேரம் போகப்போக அதிலுள்ள நோயெதிர்ப்புச் சத்தைக் குடல் உறிஞ்சாது. அயலுக்குக் கடும்பு கொடுப்பது கன்று குடித்த பிறகு.

கன்றின் வாய்க்குள் விரலை விடுங்கள். வாய் குளிர்ந்து, விரலைச் சூப்பாமல் கிடந்தால் பாலைப் பலவந்தமாக ஊற்றக்கூடாது, சுவாசப்பைக்குள் போய்விடும். தலையை மேலே பிடித்தபடி, கை பொறுக்கும் சுடுநீரில் உடம்பை அமிழ்த்திச் சூடேற்றி, நன்றாகத் துடைத்து, சூப்பத் தொடங்கியதும் ஊட்டுங்கள். இளங்கொடி 24 மணி நேரம் தாண்டியும் விழாவிட்டால் வைத்தியரிடம் சொல்லுங்கள், கல் கட்டி இழுக்காதீர்கள். ஜேர்சிக் கலப்பு மாடு ஈன்ற ஓரிரு நாளில் காது குளிர்ந்து, கழுத்தை மடித்துப் படுத்தால் அது குளிரல்ல, கல்சியம் குறைவதால் வரும் பால் காய்ச்சல். கல்சியம் ஏற்றினால் பெரும்பாலும் சில மணி நேரத்தில் எழும்பும்.

இவ்வளவுக்கும் வைக்கல் வேண்டும். மாசி, பங்குனியில் வெட்டு மெசின் போன வயல்களில் அதைக் கொளுத்துகிறோம். கமக்கார அமைப்புகளும் பால் கூட்டுறவுச் சங்கங்களும் அறுவடைக்கு முன்பே பேசி, வைக்கல் கட்டும் மெசினை ஒழுங்கு செய்து, மேட்டு நிலத்தில் போர் வைக்க இடம் ஒதுக்கவேண்டும்.

பால் பண்ணையாளர் ஒருவர்,
ஒட்டுசுட்டான்.