நான்காம் பக்கத்தில் ஒரு பிழை

அன்பு மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கு அம்மா, அண்ணன், பெரிய அத்தை அனைவரும் நலம். உன் நலம் அறிய ஆவல்.

நீ அண்ணனுடைய போனுக்கு அனுப்பிய ப்ராஜெக்ட் கோப்பு செவ்வாய்க்கிழமையே அச்சாகிவிட்டது. மூன்று பிரதி, ஒவ்வொன்றும் 38 பக்கம். ஸ்பைரல் மட்டும் இன்னும் போடவில்லை. கடைக்காரர் மேல் தவறில்லை, அண்ணன் மேலும் தவறில்லை. நான்தான் நிறுத்தி வைக்கச் சொன்னேன். காரணத்தைக் கீழே எழுதுகிறேன், அதற்குள் அண்ணனைக் கூப்பிட்டுச் சத்தம் போடாதே. 22ஆம் தேதிக்கு முன்பே உன் கையில் கிடைக்கும்படி அனுப்பிவைப்பது என் பொறுப்பு.

இதைப் போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். மூன்று வாரமாக நம் பேச்சு "சாப்பிட்டாயா", "சாப்பிட்டேன்" என்ற அளவோடு நிற்கிறது. அதையும் நீ பேசுவதில்லை, எழுத்தில் அனுப்புகிறாய். குறையாகச் சொல்லவில்லை, படிக்கிற பிள்ளைக்கு ஆயிரம் வேலை இருக்கும். ஆனாலும் ஆடிப்பெருக்கன்று காலண்டர் ஆல்பங்கள் வெளியானதும், இந்த வருடம் எந்தப் படம் நன்றாக வந்திருக்கிறது என்று நீ கேட்காமல் விட்டது இதுதான் முதல் தடவை. நான் இரண்டு படங்களைக் குறித்து வைத்திருந்தேன்.

கடையில் நின்றுகொண்டே 38 பக்கத்தையும் படித்தேன். துறையில் கேட்டு அனுமதி வாங்கித் தமிழிலேயே எழுதியிருக்கிறாய் என்பதைக் கடைக்காரரிடம் இரண்டு தடவை சொன்னேன். இரண்டாம் தடவை அவர் தலையை மட்டும் ஆட்டினார். இனிக் குறைகள். அட்டையில் "வடிவமைப்பு துறை" என்று இருக்கிறது. "வடிவமைப்புத் துறை" என்று ஒற்று வர வேண்டும். ப்ராஜெக்டுக்காக உனக்குப் பேட்டி கொடுத்த அம்மையாரின் பெயருக்குக் கீழே வீடியோவில் ஓடுகிற பட்டையிலும் "வடிவமைப்பு கலைஞர்" என்றே போட்டிருக்கிறாய். ஒரு புள்ளிதானே என்று நினைக்காதே. நம் சிவகாசியில் ஒரு பிழை ஒரு பிழையாக நிற்பதில்லை. ஐம்பதாயிரம் காலண்டர் ஓடினால் அது ஐம்பதாயிரம் பிழை. அம்மையாரை ஜன்னலுக்கு முன்னால் உட்கார வைத்ததால் வெளிச்சம் முழுவதும் முதுகுப் பக்கம் போய், முகம் இருட்டாகிவிட்டது. மின்விசிறியின் சத்தம் தொடக்கம் முதல் இறுதி வரை கேட்கிறது. இதையெல்லாம் உன் ஆசிரியரும் சொல்லியிருப்பார். ஒலிப்பதிவை இரண்டு இடத்தில் சேமித்து வைத்திருக்கிறாயா? லேப்டாப்பில் ஒன்று, தனியாக ஒன்று. ஒன்றை மட்டும் நம்பாதே.

கேள்விகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பதினான்கில் ஆறு கேள்விகள், கேட்ட மாத்திரத்தில் "ஆம்" என்று முடிந்துபோகிறவை. "உங்களுக்கு உங்கள் வேலை பிடிக்குமா?" என்று கேட்டால் எந்த மனிதர், முன்பின் தெரியாத பிள்ளையிடம், பிடிக்காது என்று சொல்வார்? ஆனால் 22ஆம் பக்கத்தில், உன் பட்டியலிலேயே இல்லாத ஒரு கேள்வியை இடையில் கேட்டிருக்கிறாய். ரோட்டோ என்கிற, படத்தில் ஆளைப் பின்னணியிலிருந்து பிரிக்கும் வேலையைப் பற்றி அவர் பேசிக்கொண்டே போகும்போது, "கடைசியாக அதை நீங்கள் கையால் செய்தது எப்போது?" என்கிறாய். அதன்பின் அடைப்புக்குறிக்குள் "சிறிது நேரம் மௌனம்" என்று எழுதியிருக்கிறாய். அண்ணனிடம் அந்த வீடியோவைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். ஒன்பது விநாடி அவர் பேசவில்லை, நீயும் பேசவில்லை, அதை வெட்டவும் இல்லை. நானாக இருந்தால் அந்த இடத்தில் குறுக்கே எதையாவது சொல்லிக் கெடுத்திருப்பேன்.

அவர் சொன்ன பதிலை நான் மூன்று முறை படித்தேன். படத்தில் ஒரு விநாடிக்கு 24 ஃப்ரேம், பத்து விநாடிக் காட்சி என்றால் 240. ஒவ்வொன்றிலும் ஆளின் ஓரத்தைக் கோடு போட்டுப் பின்னணியிலிருந்து பிரித்தெடுக்க வேண்டும், புதிதாக வருகிறவர்கள் அந்த வேலையில்தான் கை பழகுவார்கள், இப்போது அதில் பெரும்பகுதியை மென்பொருளே செய்துவிடுகிறது, ஆகவே தம் அலுவலகத்தில் புதியவர்களை எடுப்பது குறைந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறார். மறைக்காமல் சொன்னதற்கு அவருக்கு நன்றி எழுதினாயா? பேட்டி கொடுத்தவருக்கு ஒரு பிரதி அனுப்புவது மரியாதை. நான்காவது பிரதி போடச் சொல்லவா?

முதல் வருடம் ரோட்டோ என்றால் என்ன என்று நீ எனக்கு விளக்கிய நாள் நினைவிருக்கிறதா? "அப்பா, நீங்கள் பிளேடை வைத்துச் செய்ததைத்தான் நான் மவுஸை வைத்துச் செய்கிறேன்" என்றாய். உண்மைதான். லைட் டேபிளில் சிவப்பு மாஸ்க் படலத்தை விரித்து, லட்சுமியின் கூந்தல் ஓரத்தை நுனி பிளேடால் பிரிக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வோம். காலண்டர் சாமி படங்களுக்குப் பெயர்போன ஓவியர் கோவில்பட்டி கொண்டைய ராஜு 1976இல் மறைந்துவிட்டார். நான் 1980இல் வேலையில் சேர்ந்தபோது, அவர் வழியில் வந்தவர்கள் தீட்டிய படங்கள் எங்கள் பிராசஸ் பிரிவுக்கு வந்துகொண்டிருந்தன. ஓவியர் ஒரு முகத்தை வரைந்து அனுப்புவார், நாங்கள் அதை நிறத்துக்கு ஒன்றாக நான்கு ஃபிலிமாக உடைப்போம். கன்னத்தில் மெஜந்தா கூடிவிட்டால், ஃபெரிசயனைடையும் ஹைப்போவையும் கலந்த மஞ்சள் கரைசலைத் தூரிகையில் தொட்டு, ஃபிலிமின் மேல் அந்தக் கன்னத்தில் மட்டும் தடவுவேன். ஃபிலிமில் அந்த நிறத்துக்கான புள்ளிகள் கரைந்து சிறுக்கும். உடனே தண்ணீரில் கழுவி லென்ஸை வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டு விநாடி தாமதித்தால் தேவிக்குச் சோகை பிடித்துவிடும்.

இதில் உனக்குத் தெரியாதது எதுவும் இல்லை. அச்சின் நான்கு நிறங்களைக் குறிக்கும் சிஎம்ஒய்கே என்பதில் கறுப்புக்கு ஏன் கே என்று உன் வகுப்பில் யாருக்கும் தெரியாமல், நீ இரவு பத்து மணிக்கு எனக்குப் போன் செய்தாய். கே என்றால் கீ, மற்ற மூன்று பிளேட்டையும் அதை வைத்துத்தான் பொருத்துவோம் என்றேன். ஒவ்வொரு நிறத்தின் புள்ளி வரிசையும் எவ்வளவு சாய வேண்டும் என்கிற திரைக்கோணங்களையும் ஒப்பித்தேன்: சயான் 15, மெஜந்தா 75, கறுப்பு 45, மஞ்சள் மட்டும் 0, கோணம் பிசகினால் படத்தின் மேல் பட்டுப்புடவை நெளிவது போல ஒரு வலை விழும். மறுநாள் அதை நீ வகுப்பில் சொன்னதாகவும், இதை எங்கே படித்தாய் என்று ஆசிரியர் கேட்டதாகவும் சொன்னாய். அதை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று அம்மாவிடம் கேள். போன கோடை விடுமுறையில் முற்றத்தில் ரப்பர் பந்தைப் போட்டுப் போட்டுப் படம் எடுத்தாயே, நான் அளவுகோலைப் பிடித்துக்கொண்டு நின்றேனே, மேலே போகும்போது பந்தின் படங்கள் நெருங்கியும் தரைக்கு அருகில் விலகியும் விழுவதைக் காட்டினாயே, அன்று எனக்குத் தோன்றியதை நான் உன்னிடம் சொல்லவில்லை. அந்த வகுப்பில் நான் உட்கார்ந்திருக்கலாமே என்று தோன்றியது.

36ஆம் பக்கத்தில் "நான் கற்றது" என்ற தலைப்பில் எழுதியிருப்பதையும் படித்தேன். அது மதிப்பெண்ணுக்காக எழுதியது என்றே எடுத்துக்கொள்கிறேன். அண்ணன் ஏதோ வங்கித் தேர்வுப் பயிற்சிப் படிவம் என்று சொன்னான். அவன் பாதி கேட்டுப் பாதி சொல்கிறவன், அதனால் நான் மேற்கொண்டு கேட்கவில்லை. வங்கி வேலை நல்ல வேலைதான். உன் சித்தப்பா மகள் நன்றாகத்தான் இருக்கிறாள். ஐந்தாம் செமஸ்டருக்குப் பணம் கட்டிய ரசீது மட்டும் எனக்கு வரவில்லை, மறந்திருப்பாய். நேரத்துக்குச் சாப்பிடு. ஒலிப்பதிவை இரண்டு இடத்தில் வை.

இனி, பைண்டிங்கை நான் நிறுத்திய காரணம். நான்காம் பக்கம், முன்னுரை, இரண்டாம் பத்தி. "என் தந்தை சிவகாசியில் அச்சகம் ஒன்றில் பத்தொன்பது ஆண்டுகள் வண்ணப் பிரிப்புப் பணி செய்தவர். கண்பார்வைக் குறைவினால் அப்பணியிலிருந்து விலக நேர்ந்தது" என்று எழுதியிருக்கிறாய். அழகான வாக்கியம். ஒற்றுப்பிழையும் இல்லை. ஆனால் அது பொய் அம்மா. உன் பொய் இல்லை, நான் உனக்குச் சொன்னது.

1997ஆம் வருடம் ஆயுதபூஜை கழிந்து நான்காம் நாள், முதலாளி என்னையும் எனக்கு இளையவர் ஒருவரையும் கூப்பிட்டார். கம்ப்யூட்டரில் படத்தைத் திருத்தும் வேலை வந்துவிட்டது, மூன்று மாதம் சென்னையில் கற்றுக்கொண்டு வாருங்கள், தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் நான் தருகிறேன் என்றார். இதைவிட மரியாதையாக ஒரு தொழிலாளியிடம் யாரும் பேச முடியாது. போவதற்கு முன் ஒரு வாரம் இங்கேயே பழகட்டும் என்று ஏசி அறையில் உட்கார வைத்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். மவுஸை நகர்த்தினால் திரையில் அம்பு ஓடி ஒளிகிறது. அதைத் தேடி நான் மேசையின் ஓரம் வரை மவுஸைத் தள்ளிக்கொண்டே போய்விட்டேன். பக்கத்தில் இருந்த பையனுக்குப் பத்தொன்பது வயது இருக்கும். அவன் சிரிக்கக்கூட இல்லை. "இப்படிண்ணே" என்று என் கையின் மேல் தன் கையை வைத்து மவுஸை மெதுவாகத் தூக்கி, நடுவில் வைத்தான். எனக்கு முப்பத்தைந்து வயது. இமை முடியில் அரைப் புள்ளி கூடினால் கண்டுபிடிக்கிறவன் என்று ஊரில் பெயர் வாங்கிய கை அது.

அன்று மாலையே திரையைப் பார்த்தால் கண் வலிக்கிறது என்று சொல்லிவிட்டேன். முதலாளி மதுரைக்கு அனுப்பிப் பரிசோதிக்கச் செய்தார். பார்வை சரியாக இருக்கிறது, கிட்டத்தில் வைத்துப் பார்க்கும் வேலைக்கு ஒரு கண்ணாடி போட்டுக்கொண்டால் போதும் என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தச் சீட்டை நான் யாரிடமும் காட்டவில்லை. பீரோவில் உன் தாத்தாவின் பத்திரத்துக்கு அடியில் இன்னும் இருக்கிறது. இளையவர் மட்டும் சென்னைக்குப் போனார்; அவர் யார் என்று உனக்குத் தெரியும், உன் பத்தாம் வகுப்புக் கட்டணத்துக்கு நான் யாரிடம் போய் நின்றேனோ அவர்தான். இரண்டு வருடம் கழித்து பிராசஸ் பிரிவை மூடினார்கள். நான் காலண்டருக்குத் தகரப் பட்டை அடிக்கும் பகுதிக்குப் போனேன். யாரும் என்னை வெளியே அனுப்பவில்லை.

வீட்டில் வாரம் இரண்டு நாள் பொன்னாங்கண்ணிக் கீரை ஏன் வந்தது என்று இப்போது உனக்குத் தெரிந்திருக்கும். அப்பாவின் கண்ணுக்கு நல்லது என்று அம்மா சமைத்தாள். நீயும் அண்ணனும் முகத்தைச் சுளித்துக்கொண்டு சாப்பிட்டீர்கள். நான் ஒரு வார்த்தை பேசாமல் இருபது வருடத்துக்கு மேல் அதைச் சாப்பிட்டேன். அம்மாவுக்கு உண்மை தெரிந்திருக்கும் என்று சில நாள் தோன்றும். கேட்கத் துணிவில்லை.

ஜூன் மாதம் நீ முதலில் என்னைத்தான் பேட்டி கேட்டாய். நான் என்ன ப்ரொஃபஷனலா, பெரிய இடத்தில் யாரையாவது பார் என்று தட்டிக் கழித்தேன். உனக்கு வருத்தம் என்று தெரியும். நீ அனுப்பியிருந்த கேள்விகளில் ஒன்பதாவது, "தொழில்நுட்பம் மாறியபோது நீங்கள் அதை எப்படி எதிர்கொண்டீர்கள்?" என்பது. அதைப் படித்த பிறகுதான் தட்டிக் கழித்தேன்.

நீ எந்தப் படிப்பைப் படிக்க வேண்டும் என்று சொல்லும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. அந்த அம்மையார் சொன்னது நடக்கும் என்றோ நடக்காது என்றோ சொல்லவும் எனக்கு விஷயம் போதாது. ஆனால் இயந்திரம் வந்தது, அப்பாவின் கண் போயிற்று, வேலையும் போயிற்று என்று நீ ஒரு கணக்கைப் போட்டு வைத்திருந்தால், அந்தக் கணக்கில் நான் கொடுத்த எண் தவறு. அதை நம்பி எந்தப் படிவத்தையும் நிரப்பாதே. நிரப்புவதானால் வேறு காரணம் எழுதி நிரப்பு.

நான்காம் பக்கத்தைத் திருத்தி, அட்டையில் ஒற்றையும் போட்டு, கோப்பைத் திரும்ப அனுப்பு. கடை இரவு எட்டு மணி வரை திறந்திருக்கும், வெள்ளிக்கிழமை மட்டும் விடுமுறை. திருத்திய வாக்கியம் என்னவாக இருக்க வேண்டும் என்பதை நீயே முடிவு செய்துகொள், நான் பார்த்துத் தர மாட்டேன். ஒன்பதாம் கேள்விக்கு என் பதில் இன்னும் வேண்டுமென்றால், ஞாயிறு மதியம் இரண்டு மணிக்குக் கூப்பிடு. அம்மா அத்தை வீட்டுக்குப் போயிருப்பாள். மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஜன்னலுக்கு எதிரே முகம் இருக்கும்படி உட்கார்ந்திருப்பேன்.

இப்படிக்கு,
அப்பா